அத்தான் காட்டிய இங்கிலாந்து

டென்மார்க் அரசாங்கத்தைப் பொறுத்தவரை ராசமலர் என்னுடைய மனைவி. அதனால்தான் அவளை நாட்டுக்குள் விடவில்லை. அவளுடைய அண்ணர் டொக்டர் சண்முகலிங்கத்தைப் பொறுத்தவரை அவள் இன்னும் என்னுடைய மனைவி ஆகவில்லை. அதனால்தான் அவளை என்னோடு தனியே விடவில்லை. இரண்டுக்கும் நடுவில் நின்று முழித்தவன் நான்.

ஊரில் எங்களுக்குக் கலியாண எழுத்து முடிந்திருந்தது. பதிவுகாரர் வந்து, கையெழுத்து வாங்கி, பலகாரம் சாப்பிட்டுவிட்டுப் போனார். தாலி கட்டுகிற கலியாணத்தை ஆவணியில் வைப்பதாகப் பேச்சு. ஆவணி வருவதற்குள் நிலைமை கெட்டு, நான் தப்பி ஓடி, எப்படியோ டென்மார்க்கில் வந்து விழுந்தேன். ஹொல்ஸ்டெப்ரோவில் அறை கிடைத்தது, பன்றி வெட்டுகிற தொழிற்சாலையில் வேலை கிடைத்தது. அகதி தன் மனைவியைக் கூப்பிடலாம் என்று சட்டம் இருந்தது. விண்ணப்பித்தேன். அந்த நேரம் பார்த்து நீதி மந்திரி, தமிழர்களின் மனைவி பிள்ளைகளுடைய விண்ணப்பக் கோவைகளை ஒருவரும் தொடவேண்டாம் என்று சொல்லிவிட்டார். சட்டம் இருந்தபடி இருந்தது. கோவை கிடந்தபடி கிடந்தது. நானும் பன்றியும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டிருந்தோம்.

எண்பத்தொன்பதாம் ஆண்டு தொடங்கியதும் காற்றுத் திரும்பியது. பத்திரிகைகள் கத்தின, மந்திரி மாறினார், கோவைகளைத் தூசி தட்டுகிறார்கள் என்று செய்தி வந்தது. எனக்குத்தான் நல்ல செய்தி நேராக வந்து பழக்கமில்லையே. அதற்குச் சற்று முன்னர்தான் டொக்டர், தங்கச்சி கொழும்பில் தனியே கிடந்து வாடுகிறாள் என்று, அவளை விசிற்றர் விசாவில் இங்கிலாந்துக்கு எடுப்பித்திருந்தார். இப்போது அவளுக்கு அங்கே ஒரு கல்லூரியில் இடமும் பிடித்திருந்தார்.

"உங்கள் மனைவியைக் கொழும்பில் வைத்துத்தான் விசாரிப்பார்கள். அவர் இங்கிலாந்தில் தங்கிவிட்டால் இந்தக் கோவை முடிந்தது" என்று அகதிகள் சங்கத்துப் பெண் எனக்குச் சொன்னார். ஆகவே ராசமலரிடம் நான் ஒரேயொரு கேள்வி கேட்கவேண்டியிருந்தது. திரும்பிக் கொழும்புக்குப் போய், எனக்காகக் காத்திருப்பாளா?

தொலைபேசியில் கேட்டிருக்கலாம். ஆனால் அந்தத் தொலைபேசி டொக்டரின் சாய்மனைக் கதிரைக்குப் பக்கத்தில் இருந்தது. கதிரையில் டொக்டர் இருந்தார். "சுகமோ?" "சுகம்." "அங்க குளிரோ?" "குளிர்தான்." டென்மார்க் வானொலியில் காலநிலை வாசிக்கிறவர்களே எங்களைவிட நெருக்கமாகப் பேசுவார்கள்.

"இது ஃபோனில கேக்கிற விசயமில்லை" என்றான் றொபேட். மன்னார்க்காரன், என்னோடு ஒரே மேசையில் இறைச்சி வெட்டுகிறவன். அவனுடைய மனைவியின் கோவையும் அதே மூலையில்தான் கிடந்தது. "போய் முகத்தைப் பாத்துக் கேள். ரெண்டு நிமிசக் கதை."

ஈஸ்டர் விடுமுறையோடு இன்னும் சில நாளைச் சேர்த்துக்கொண்டு புறப்பட்டேன். றொபேட் தன்னுடைய பழைய காரில் எஸ்பியர் துறைமுகம்வரை கொண்டுவந்து விட்டான். வெறுங்கையோடு போகக்கூடாதென்று, டென்மார்க்கின் பட்டர் பிஸ்கற் நீலத் தகர டின் ஒன்றைக் கையில் திணித்தான். கப்பல் ஒரு பகலும் ஓர் இரவும் ஆடிக்கொண்டு போனது. நான் கம்பியைப் பிடித்தபடி கடலைப் பார்த்து, "ராசமலர், உம்மட்ட ஒரு விசயம் கேக்கவேணும்" என்று சொல்லிப் பழகினேன். கடல் ஒன்றும் சொல்லவில்லை. பக்கத்தில் நின்ற டேனிஷ்காரர் மட்டும் தள்ளிப் போய் நின்றார்.

வின்டர்ஹோ என்பது இங்கிலாந்தின் தென்மேற்கு மூலையில், இரண்டு குன்றுகளுக்கு நடுவே கடல் பார்க்க ஒதுங்கிய சின்னஞ்சிறு கிராமம். ஒரு தெரு, ஒரு சேர்ச், ஒரு தபாற்கந்தோர், பத்துப் பதினைந்து படகு, எண்ணிக்கையில்லாத செம்மறி. அந்த ஊர் முழுவதற்கும் ஒரே டொக்டர் எங்கள் சண்முகலிங்கம். ரயில் மாறி மாறிப் போய் இறங்கினால், மேடையில் ஊன்றுதடியும் சேற்றுச் சப்பாத்தும் தொப்பியுமாக நிற்கிறார். பக்கத்தில் ஒரு நாய்.

"வாங்கோ தம்பி. களைப்போ?"

"இல்லை அத்தான்" என்றேன். மனைவியின் அண்ணரும் எங்களுக்கு அத்தான்தான். எவ்வளவு களைத்தாலும் அவரிடம் நாங்கள் அப்படித்தானே சொல்வோம்.

"அப்ப நல்லதாப் போச்சு. போற வழியில சேர்ச்சைப் பாத்திட்டுப் போவம்."

கையில் சூட்கேசோடும் பிஸ்கற் டின்னோடும் முந்நூறு வருடத்துக்கு முந்திய கல்லறைகளை ஒவ்வொன்றாக வாசித்தேன். அங்கே படுத்திருந்தவர்கள் எவ்வளவு கொடுத்துவைத்தவர்கள் என்று எனக்குத் தோன்றியது. கடைசியில் வீட்டை அடைந்தபோது ராசமலர் வாசலில் நின்றாள். எழுத்தன்று பார்த்ததைவிட மெலிந்திருந்தாள், எழுத்தன்று பார்த்ததைவிட வடிவாகவும் இருந்தாள். கடலில் பழகிய வசனம் கடலோடு போய்விட்டது.

"வாங்கோ" என்றாள்.

"ஓம்" என்றேன்.

டொக்டரின் மனைவி விமலராணி அக்கா பிஸ்கற் டின்னை வாங்கி, "ஐயோ, ஏன் தம்பி சிரமப்பட்டனீங்கள்" என்றபடி அலுமாரியைத் திறந்தா. உள்ளே அதேபோல் ஆறு நீல டின். டொக்டரின் நோயாளிகள் நத்தார்ப் பண்டிகைதோறும் கொடுத்தவை. ஒன்றில் நூல், ஒன்றில் பெருஞ்சீரகம், ஒன்றில் பொத்தான். என்னுடையது மிளகாய்த்தூளுக்கு என்று அப்போதே தீர்மானமானது.

எழுத்து முடிந்து தாலி ஏறாதவர்களை எப்படி வைத்திருப்பது என்பது யாழ்ப்பாணத்தாருக்குச் சொல்லிக்கொடுக்க வேண்டியதில்லை. எனக்குக் கீழே, மருத்துவச் சஞ்சிகைகள் அடுக்கிய சின்ன அறை. அவளுக்கு மேலே, அண்ணருடைய அறைக்கு அடுத்த அறை. இடையில் கால் வைத்தாலே கத்துகிற மரப்படி. படியடியில் நாய். இங்கிலாந்தில் பிறந்த அந்த நாய்க்கு அத்தான் ஜிம்மி என்று பெயர் வைத்திருந்தார். ஊரில் எங்கள் ஒழுங்கையில் நாலு ஜிம்மி இருந்தன, அவற்றில் ஒன்றுகூட இவ்வளவு கடமையுணர்வோடு படுத்ததில்லை.

அத்தான் கெட்டவர் அல்ல. அதுதான் பெரிய கஷ்டம். கெட்டவராக இருந்தால் சண்டை பிடித்திருக்கலாம். அவர் மிக நல்ல விருந்துபசாரி. வந்தவர்களுக்கு ஊரைக் காட்டவேண்டும் என்பது நம்மவர்கள் எந்த நாட்டுக்குப் போனாலும் பெட்டியில் போட்டுக்கொண்டு போகிற வழக்கம். லண்டன்காரன் மணிக்கூட்டுக் கோபுரத்தைக் காட்டுவான், பாரிஸ்காரன் இரும்புக் கோபுரத்தைக் காட்டுவான். அத்தானிடம் கோபுரம் இல்லை. ஆகவே மிச்ச எல்லாவற்றையும் காட்டினார்.

அடுத்த நாள் விடிய ஏழு மணிக்கு, தயாராக இருக்கச் சொன்னார். நான் டென்மார்க்கில் இருந்து வந்தவன். ஏழு என்றால் ஏழு. சப்பாத்தோடு வாசலில் நின்றேன். "பாத்தியே விமலம், தம்பி நேரத்தைக் கடைப்பிடிக்கிறார்!" என்று மகிழ்ந்து, அடுத்த நாளை ஆறரையாக மாற்றிவிட்டார். என் வாழ்க்கையில் நேரந்தவறாமை எனக்குச் செய்த கெடுதியை அந்த மந்திரிகூடச் செய்யவில்லை.

நடந்தோம். முன்னால் அத்தான், அவருக்குப் பின்னால் நான், எனக்குப் பின்னால் விமலராணி அக்கா, கடைசியில் ராசமலர். எந்தப் பாதையாக இருந்தாலும் இந்த ஒழுங்கு மாறவில்லை. திரும்பிப் பார்த்தால் அக்காவின் முகம்தான் தெரிந்தது. அக்கா பாவம், மூச்சு வாங்கியபடி என்னைப் பார்த்துச் சிரிப்பா.

குன்றின் உச்சியில் அத்தான் நின்று, கையை விரித்து, "எப்பிடி?" என்பார். "வடிவு அத்தான்" என்பேன். அடுத்த குன்றுக்குப் போவோம். வைக்கோற்கூரை வேய்ந்த வீடுகளைக் காட்டினார். ஊரில் கூரை வீட்டைப் பிரித்துவிட்டுக் கல்வீடு கட்டத்தான் எங்கள் அப்பாமார் உயிரை விட்டார்கள். இங்கே ஊர்ப் பணக்காரர்கள் கூரைக்குள்தான் இருந்தார்கள். பிறகு ஒரு தோட்டக்காரரின் வயலுக்கு நடுவால் நடத்திக்கொண்டு போனார். வேலியில் ஏறி இறங்க ஒரு கடப்பு வைத்திருந்தார்கள்.

"அத்தான், இது ஆரோ ஒராளின்ர காணியெல்லே?"

"ஓம். ஆனா இதுக்குள்ளால நடக்க ஊர்ச்சனத்துக்கு உரிமை இருக்கு. பழைய சட்டம்."

அந்தத் தோட்டக்காரர் தூரத்தில் நின்று கையை வேறு காட்டினார். யாழ்ப்பாணத்தில் இப்படி ஒருவன் காணிக்குள்ளால் நடந்தால், நடந்தவனின் பேரன்வரை நீதிமன்றம் ஏறவேண்டும். இவ்வளவு உரிமை உள்ள நாட்டில், எழுத்து முடித்த பெண்ணோடு இரண்டு நிமிடம் கதைக்க எனக்கு ஒரு கடப்பு இல்லை.

முயன்றேன். ஒரு நாள் கோப்பை கழுவுகிற சாட்டில் ராசமலர் நின்ற குசினிக்குள் போனேன். டென்மார்க்கில் ஆண்கள் கழுவுவார்கள் என்று சொல்லிப் பார்த்தேன். "அப்பிடியோ!" என்று அத்தானும் ஒரு துவாயோடு வந்துவிட்டார். மூன்று பேருமாகக் கழுவினோம். டென்மார்க்கில் தண்ணீரைச் சேமிக்கும் முறைபற்றி அவர் என்னிடம் விசாரித்தார். ராசமலர் குனிந்து கோப்பையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவளுடைய தோள் குலுங்கியது. சிரிக்கிறாளா அழுகிறாளா என்று தெரியாமல் எனக்கு அன்றிரவு நித்திரை வரவில்லை.

இரவுச் சாப்பாட்டில் அத்தான் கல்லூரிக் கதையை எடுத்தார். "டென்மார்க்கை நம்பி என்ன செய்யிறது தம்பி? ரெண்டு வருசமா ஒரு கோவையைத் திறக்காத சனம். இவள் இஞ்ச படிக்கட்டும். நீங்களும் பிறகு ஒரு வழி பாத்து இஞ்சால வரலாம்." அவர் சொன்னதில் பிழை கண்டுபிடிக்க முடியவில்லை. அதனால் எனக்கு இன்னும் கோபம் வந்தது. "ஓம் அத்தான்" என்றேன். ராசமலர் என்னை ஒருமுறை நிமிர்ந்து பார்த்துவிட்டு எழும்பிப் போனாள்.

கடைசி நாளுக்கு முதல் நாள் தீவு. கரையிலிருந்து சிறிது தூரத்தில் புல் முளைத்த ஒரு பாறைத் திட்டு. கடல் வற்றும்போது மணலில் ஒரு பாதை தெரியும், நடந்து போகலாம். பெருகும்போது பாதை மூடிவிடும். இந்த விசயத்தில் மட்டும் அத்தான் கண்டிப்பு. "தண்ணி வாறதுக்கு முன்னம் திரும்பிடவேணும். போன வருசம் ரெண்டு வெள்ளைக்காரர் மாட்டுப்பட்டவை. அறிவில்லாத சனம்."

தீவில் பறவை பார்ப்பவர்களுக்காக ஒரு மரக்கொட்டில் இருந்தது. அதற்குள் இருந்து வடை சாப்பிட்டோம், பிளாஸ்கிலிருந்து தேத்தண்ணி குடித்தோம், அத்தான் காட்டிய பறவைகளைப் பார்த்தோம். நேரமானதும் அத்தான் எழும்பி, வழக்கம்போல முன்னால் நடந்தார். நடந்தபடியே கடல் ஏன் வற்றுகிறது, சந்திரனுக்கும் அதற்கும் என்ன தொடர்பு என்று விளக்கினார். விளக்கும்போது அவர் திரும்பிப் பார்ப்பதில்லை. பாதையில் கொஞ்சத் தூரம் வந்ததும் விமலராணி அக்கா என்னைத் தாண்டி முன்னால் போனா. அவ்வளவு நாளும் நடக்காத காரியம். எனக்குப் பின்னால் இப்போது ராசமலர்.

"இஞ்சாருங்கோ" என்றாள் மெதுவாக. "பிளாஸ்கை விட்டிட்டு வந்திட்டன்."

"நான் ஓடிப்போய் எடுத்துக்கொண்டு வாறன்."

"நானும் வாறன்."

கொட்டிலுக்குத் திரும்பி ஓடினோம். ஜிம்மியும் கூட ஓடிவந்தது. பிளாஸ்க் நாங்கள் குந்தியிருந்த வாங்கிலில் இருந்தது. நான் அதை எடுத்துக்கொண்டு திரும்பினால், ராசமலர் வாங்கிலில் வசதியாக அமர்ந்து, சேலைத் தலைப்பை இழுத்துப் போர்த்திக்கொண்டிருக்கிறாள்.

"எழும்பும், எழும்பும்! தண்ணி வரப்போகுது!"

"வரட்டும்" என்றாள்.

"பாதை மூடிடும்!"

"தெரியும். நான் ரெண்டு மாசமா ஒவ்வொரு நாளும் இந்த நாயை இந்தக் கரைக்குத்தானே கூட்டிக்கொண்டு வாறன். இனிப் பின்னேரம்தான் வத்தும். இருங்கோ."

வெளியே எட்டிப் பார்த்தேன். பாதையின் நடுவில் தண்ணீர் வெள்ளிபோல மினுங்கியது. அக்கரையில் அத்தான் ஊன்றுதடியைச் சுழற்றிக்கொண்டு துள்ளினார். காற்றில் ஒன்றும் கேட்கவில்லை. விமலராணி அக்கா அவருடைய கையைப் பிடித்து வீட்டுப்பக்கம் இழுத்துக்கொண்டிருந்தா. இழுக்கும்போது எங்களைப் பார்த்துத் தலையை ஆட்டியது தெளிவாகத் தெரிந்தது. அப்போதுதான் எனக்கு விளங்கியது, அந்த வீட்டில் விளங்காதவர்கள் இரண்டு பேர் மட்டும்தான். அத்தானும் நானும்.

அமர்ந்தேன். எங்களுக்கு நடுவில் ஜிம்மி ஏறிப் படுத்துக்கொண்டது. இரண்டு நிமிடம் கேட்டவனுக்குக் கடல் ஒரு பகலையே தூக்கித் தந்திருக்கிறது. நான் வாயைத் திறந்து, "அங்கயும் இப்பிடித்தான் காத்து" என்றேன்.

அவள் வாய்விட்டுச் சிரித்தாள். கோப்பை கழுவியபோது குலுங்கிய அதே தோள். அன்றும் சிரித்திருக்கிறாள்! எனக்கு வந்த நிம்மதியில் நானும் சிரித்தேன். பிறகு கதைத்தோம். தொழிற்சாலை, றொபேட், ஹொல்ஸ்டெப்ரோவில் என்னுடைய அறை, அவள் கொழும்பில் இருந்த அறை, பொலிஸ் பதிவு, இரவில் தட்டுகிற கதவு எல்லாம் கதைத்தோம். பயந்த இரவுகளில் என்னுடைய முகத்தை நினைத்துப் பார்க்க முயன்றதாகவும், சரியாக ஞாபகம் வராமல் அழுததாகவும் சொன்னாள். எனக்கும் அப்படித்தான் என்று சொன்னேன். ஜிம்மி எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தது.

"டென்மார்க்கில மலை இருக்கோ?" என்று திடீரென்று கேட்டாள்.

"சில்க்போர்க் பக்கம் ஒண்டு இருக்கு. வான்மலை எண்டு பேர் வச்சிருக்கினம். ஏறி முடிய மூச்சுக்கூட வாங்காது."

"அப்ப நல்ல நாடு." காலைத் தூக்கிச் சேற்றுச் சப்பாத்தைக் காட்டினாள். "அண்ணை என்னை ரெண்டு மாசமா நடத்தியே கொல்லுறார்."

இதுதான் நேரம். "ராசமலர், உம்மட்ட ஒரு விசயம் கேக்கவேணும்" என்றேன். கேட்டேன். கொழும்பில் எவ்வளவு காலம் என்று எனக்கே தெரியாது, விசா கிடைக்கும் என்று சத்தியம் பண்ணவும் முடியாது என்பதையும் சொன்னேன்.

அவள் கடலைப் பார்த்துக்கொண்டிருந்தாள். "நாளைக்குக் கோட்டை பாக்கப் போறதெண்டு அண்ணை சொல்லியிருக்கிறார்."

"அதுக்கென்ன இப்ப?"

"நீங்கள் அவருக்கு என்ன சொல்லுவியள்?"

நான் குனிந்து ஜிம்மியின் காதைத் தடவினேன்.

"வந்த நாள் தொடக்கம் 'ஓம் அத்தான், ஓம் அத்தான்'. கல்லூரிக் கதைக்கும் ஓம். எனக்காக ஒருக்காலும் 'இல்லை' சொல்லமாட்டாத ஆளுக்காக நான் எந்தத் துணிவில அங்க போய் இருக்கிறது? நீங்கள் நாளைக்கு என்ன சொல்லுறியள் எண்டு பாத்திட்டுத்தான் நான் மறுமொழி சொல்லுவன்."

பின்னேரம் கடல் வற்றியது. அத்தான் முழங்கால்வரை சேற்றோடு பாதியிலேயே வந்து எங்களை எதிர்கொண்டார். திட்டினார், தங்கச்சியின் நெற்றியைத் தொட்டுப் பார்த்தார், ஜிம்மியையும் திட்டினார். கண் கலங்கியிருந்ததை மறைக்கத் தொப்பியை இறக்கிவிட்டுக்கொண்டார். எனக்கு அவரில் அன்பு பெருகியது. அதுவும் வேலையை இன்னும் கஷ்டமாக்கியது.

இரவுச் சாப்பாடு முடிந்ததும் வரைபடத்தை மேசையில் விரித்தார். "தம்பிக்குப் பின்னேரம்தானே ரயில். காலமை ஆறரைக்கு வெளிக்கிட்டமெண்டா கோட்டையைப் பாத்திடலாம். எண்ணூறு வருசம் பழசு."

ராசமலர் மேசையைத் துடைத்துக்கொண்டிருந்தாள். துடைத்த இடத்தையே திரும்பத் திரும்பத் துடைத்தாள். எல்லையில் துவக்கை நீட்டிக்கொண்டு நின்ற காவல்காரனிடம்கூட நான் இவ்வளவு பயப்படவில்லை.

"நான் வரேல்லை அத்தான்" என்றேன்.

அத்தான் என்னைப் பார்த்த பார்வையில் ஒரு நோயாளியை முதன்முதலாகக் காணும் வைத்தியரின் கவனம் இருந்தது. "ஏன், உடம்பு சரியில்லையோ?"

"உடம்புக்கு ஒண்டுமில்லை. நானும் ராசமலரும் நாளைக்குக் கடற்கரையில இருக்கப்போறம்."

"இருந்து?"

"சும்மா இருக்கப்போறம்."

"சும்மாவோ?" அத்தானின் குரல் கம்மிவிட்டது. சும்மா இருப்பதற்கு என்ன மருந்து என்று அவருக்குத் தெரியவில்லை. விமலராணி அக்கா தலையைக் குனிந்து, கழுவ எடுத்த சோற்றுக் கோப்பைக்குள் சிரித்தா.

ராசமலர் துணியை மேசையில் வைத்தாள். "அண்ணை" என்றாள். "எனக்குக் கொழும்புக்கு ரிக்கற் போடுங்கோ."

அத்தான் வரைபடத்தை மெதுவாக மடித்தார். மடித்த பிறகும் அதைக் கையில் வைத்திருந்தார். "போடுறன்" என்றார் கடைசியில். "ஆனா கோட்டையைப் பாக்காமல் போறது சரியில்லை."

ராசமலர் கொழும்புக்குப் போனாள். கோவையைத் தூசி தட்டி முடிக்க அவர்களுக்கு இன்னும் ஒரு வருடம் பிடித்தது. விசாரணையில், கணவனை முதன்முதலாக எங்கே தனியாகச் சந்தித்தாய் என்று கேட்டார்களாம். ஒரு தீவில், சுற்றிவரத் தண்ணீர், ஒரு நாயும் இருந்தது என்று சொன்னாளாம். கேட்டவர் பேனையை வைத்துவிட்டு அவளைப் பார்த்தாராம். றொபேட்டின் மனைவி எங்களுக்கு முன்னமே வந்துசேர்ந்துவிட்டா. அதை அவன் இன்றுவரை சொல்லிக்காட்டுகிறான்.

ஹொல்ஸ்டெப்ரோவில் ஒரு வாடகை மண்டபத்தில் தாலி கட்டினேன். அத்தான் வந்து, மண்டபத்தைச் சுற்றியுள்ள இடங்களை நடந்தே பார்த்துவிட்டுப் போனார். அடுத்த நாள் ஞாயிற்றுக்கிழமை. நல்ல வெயில். நான் விடிய எழும்பி, முகம் கழுவி, சப்பாத்தை மாட்டிக்கொண்டு வாசலில் நின்றேன்.

"வெளிக்கிடும் ராசமலர்" என்றேன். "உமக்கு ஊரைக் காட்டுறன். முதல்ல ஆத்தங்கரை, பிறகு சேர்ச், பிறகு…"

அவள் தேத்தண்ணிக் கோப்பையோடு யன்னலடியில் அமர்ந்திருந்தாள். என்னைத் தலையிலிருந்து சப்பாத்துவரை பார்த்தாள்.

"நான் வரேல்லை" என்றாள்.

சப்பாத்தைக் கழற்றி வைத்துவிட்டு, போய் அவளுக்குப் பக்கத்தில் இருந்தேன்.